வில் அச்சில் பசை ஒட்டாமலிருக்க: மெழுகா, டேப்பா, பிளாஸ்டிக் தாளா?

மெல்லிய மரப்பட்டைகளைப் பசை போட்டு ஒட்டி அடுக்கு வில் கட்டுகிறவர்கள் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், பசையைப் பற்றிச் சண்டையே போடுவார்கள். பட்டைகளை வளைத்து இறுக்கி வைக்கும் அச்சைப் பற்றிய பேச்சு வருவது, வில் அதிலேயே ஒட்டிக்கொண்ட மறுநாள்தான்.

என் முதல் வில்லுக்கு அந்தக் கதி நேர்ந்தது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டைச் சேர்த்து ஒட்டி, வளைவு வெட்டிய அச்சு. அதன் மேல் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிட்டு, எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) தடவிய பட்டைகளை அடுக்கிக் கிளாம்ப் போட்டேன். மறுநாள் கழற்றினால் நடுப்பகுதி கிளம்பியது, ஒரு முனை மட்டும் அசையவில்லை. உளியை நுழைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். பசை விடவில்லை, பிளைவுட்டின் மேல் ஏடுதான் உரிந்துகொண்டு வந்தது. வில்லின் வயிற்றில், அதாவது எய்பவரைப் பார்த்த பக்கத்தில், ஒரு முழ நீளத்துக்கு அந்த ஏடு. அச்சும் போச்சு.

அதற்குப் பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மெழுகை முதலில் முடித்துவிடலாம். மலிவு, வளைவு எப்படி இருந்தாலும் தடவலாம், சுருக்கம் விழாது. ஆனால் எங்கே படிந்திருக்கிறது, எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியாது. பிளைவுட்டின் வெட்டு விளிம்பு உறிஞ்சிக்கொள்ளும். அதையும் சகித்துக்கொள்ளலாம், சூடுதான் பெரிய வில்லங்கம். எபாக்ஸியைச் சீக்கிரம் இறுக வைக்கச் சூட்டுப்பெட்டியில் 70, 80 டிகிரி வைப்பவர்கள் உண்டு. பாரஃபின் மெழுகு அதற்கு முன்பே உருகிவிடும். தேன்மெழுகும் 65 டிகிரியைத் தாண்டாது. உருகியது பக்கவாட்டில் பட்டை இடுக்குக்கும் போகலாம். சூடே வைக்காவிட்டாலும் கை இருக்கிறதே! அச்சுக்கு மெழுகு தேய்த்த அதே கையால் பட்டையைத் தூக்கினேன். நாணேற்றி வளைத்துப் பார்க்கும்போது முனையருகே ‘டக்’ என்றது. பிரிந்த இடத்தில் பசை கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது, மரநார் ஒன்றுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. அச்சில் ஒட்டக்கூடாது என்று கிளம்பி, ஒட்ட வேண்டிய இடத்தையும் கெடுத்துக்கொண்டேன். சிலிக்கான் ஸ்பிரேயும் இதே ரகம்தான், இன்னும் மோசம். அதன் துளி வில்லில் பட்டால் கடைசியில் வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

ஃபைபர் வேலைக்காரர்கள் அச்சில் பூசும் திரவம் ஒன்று உண்டு, பாலிவினைல் ஆல்கஹால். காய்ந்தால் மெல்லிய தோல் போல ஆகும், எபாக்ஸி அதைத் தாண்டாது. ஆனால் அது தண்ணீரில் கரையும் சரக்கு. ஃபெவிகால் மாதிரித் தண்ணீர்ப் பசை போடுகிறவர் அதை மறந்துவிடலாம்.

இப்போது பேக்கிங் டேப். அட்டைப்பெட்டி ஒட்டுகிற அதே பாலிப்ரொப்பிலீன் டேப்தான். எபாக்ஸியும் பிடிக்காது, மரப்பசையும் பிடிக்காது. சாதாரண டேப் 48 மி.மீ. அகலம் வரும். 36 மி.மீ. அச்சு முகத்தில் நீளவாக்கில் ஒட்டினால் இரண்டு பக்கமும் 6 மி.மீ. மடிக்கலாம். அந்த மடிப்புதான் முக்கியம். பிதுங்கும் பசை முகத்தில் நிற்பதில்லை, விளிம்பு வழியாக இறங்கிப் பக்கத்தில்தான் கெட்டியாகும். அதனால் பக்கவாட்டிலும் இன்னொரு வரி ஒட்டிவிடுவேன். ஒரே குறை, கூர்மையாக வளையும் முனையில் டேப் சுருங்கும். அங்கே மட்டும் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டினால் சரி.

சமையலறை கிளிங் ஃபிலிம் பலருக்குப் பிடித்த வழி. இதை அச்சில் விரிப்பதைவிட, பசை தடவி அடுக்கிய பட்டைகளை மொத்தமாகச் சுற்றிக் கட்டுவதில்தான் பலன் அதிகம். பசை போட்ட பட்டைகள் சோப்பு போல வழுக்கும், கிளாம்ப் இறுக இறுக ஆளுக்கொரு பக்கம் போகும். ஃபிலிம் சுற்றினால் ஓரளவு அடங்கும், கையும் தரையும் பிழைக்கும். கெடுதல் இரண்டு. சுருக்கம் விழுந்த இடத்தில் எபாக்ஸி வரப்பு வரப்பாக இறுகும், உப்புத்தாள் தேய்த்துத் தோள் வலிக்கும். அப்புறம், தண்ணீர்ப் பசைக்கு ஈரம் வெளியேற வழி வேண்டும். பிளாஸ்டிக்கில் பொட்டலம் கட்டினால் ஈரம் மரத்துக்குள் மட்டுமே போக முடியும். அப்படிப்பட்ட வில்லை ஒரே ராத்திரியில் கழற்றினால் வளைவு நிற்காது. நான் இரண்டு நாள் விடுகிறேன், முடிந்தால் ஃபிலிமைத் தவிர்த்துவிட்டு அச்சு டேப்பை மட்டும் நம்புகிறேன்.

கேக் தட்டில் விரிக்கும் சிலிக்கான் பூசிய தாள் சூட்டைத் தாங்கும், நன்றாகவே விடும். ஆனால் நம் கடைகளில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில சமயம் பூச்சே இல்லாத வெறும் எண்ணெய்த் தாள் கிடைக்கும். அதில் எபாக்ஸி நிம்மதியாகக் குடியேறிவிடும். ஒரு துண்டில் சொட்டு விட்டு மறுநாள் உரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாஸ்கிங் டேப்புக்கு வேலை வேறு. அதை அச்சில் ஒட்டுவதில்லை, வில்லின் வெளிமுகத்தில் ஒட்டுகிறோம். ஃபைபர் கிளாஸ் பட்டை வைத்தால் இதற்கு ஈடு கிடையாது. மேலே வழிந்த பசை எல்லாம் டேப்போடு உரிந்து வந்துவிடும். சூட்டுப்பெட்டியில் வைத்திருந்தால் வெதுவெதுப்பு இருக்கும்போதே உரியுங்கள். ஆறவிட்டால் டேப்பின் கோந்து வில்லிலேயே தங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் ஹீட் கன்னை எடுக்காதீர்கள். அச்சில் பிடித்த எபாக்ஸி இளகும் சூட்டில், பட்டைகளுக்கு நடுவில் இருப்பதும் இளகும். மரத்தில் சீவிய மெல்லிய ஆப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும்.

என் வழக்கம் இப்போது இதுதான்: அச்சு முகத்திலும் பக்கங்களிலும் பேக்கிங் டேப், வில்லின் வெளிமுகத்தில் மாஸ்கிங் டேப், எபாக்ஸி என்றால் மட்டும் மேலே ஒரு சுற்று கிளிங் ஃபிலிம். மேலிருந்து அழுத்தும் பட்டைக்கும் டேப் உண்டு, அதை மறப்பவர்கள் நிறையப் பேர். அச்சு டேப் மூன்று, நான்கு வில்லுக்குத் தாங்குகிறது. கத்தி முனை பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் அன்றே உரித்துப் புதிதாக ஒட்டிவிடுவேன்.