ஸ்பீக்கரை மாற்றக் கொடுத்தேன், லேபிளை மாற்றிக் கொடுத்தார்

பழைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் புதுப்பிக்கக் கடையில் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை வாயைக் கட்டு என்று வீட்டில் உத்தரவு. மலேசியாவில் ஈப்போ பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குச் சுங்கை சிப்புட். பகலில் செம்பனை ஆலை, வார இறுதியில் கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று இசைக்குழுவோடு கிட்டார். எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் வாசித்துக்கொண்டிருந்த மாமா ஒருவர், முதுகுவலியால் இனித் தூக்க முடியாது என்று தம் பெட்டியை விற்றுவிட முடிவு செய்தார். மார்ஷல் 1936 என்ற மாடல், அதாவது 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டி. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது. ரெக்சின் கிழிந்து, மூலைகள் உடைந்து, முன்துணியில் எலி வாய்வைத்திருந்தது. ஆனால் பலகை கெட்டி. தட்டினால் மேசையைத் தட்டுவதுபோல் இருந்தது.

உள்ளே செலஷன் ஜி12டி-75 ஸ்பீக்கர் இரண்டு. ஒன்று நன்றாக இருந்தது. மற்றதன் கூம்பை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் கரகரவென்று மணல் உரசுவதுபோல் கேட்டது. கூம்பை ஆட்டும் சுருள் தன் இடத்திலிருந்து நகர்ந்து காந்தத்தில் உரசுகிறது என்று அர்த்தம். அதை மாமாவே அழுத்திக் காட்டினார். காட்டிவிட்டு 700 ரிங்கிட்டிலிருந்து 100 குறைத்தார். இந்தக் கதையில் வியாபாரம் தெரிந்த நேர்மையான மனிதர் அவர் ஒருவர்தான்.

ஒன்றை மாற்றுவதற்கு இரண்டையுமே மாற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். கீபோர்டும் டிரம்சும் உருமியும் சேர்ந்து முழங்கும் மேடையில் என் கிட்டார் எங்கே போகிறதென்றே தெரியாது. நடுப்பகுதி ஒலியை முன்னே தள்ளுவதற்குப் பெயர்போனது செலஷன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர். பெயரில்தான் 30, தாங்குவது 60 வாட். இரண்டு போட்டால் 120. என் வால்வு ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) 50 வாட்தான், தாராளம்.

கடைக்காரர் முதல் நாளே என்னைக் கவிழ்த்துவிட்டார். “தம்பி, நம் பிள்ளைகள் மேடையில் வாசிப்பதே பெருமை. உங்களிடம் லாபம் பார்க்கமாட்டேன்” என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தார். தம் அப்பாவும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்றார். அந்தக் காப்பி எனக்கு இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆயிற்று. விண்டேஜ் 30 இரண்டு, ஒன்று 750. ரெக்சின், மூலைக்காப்பு, முன்துணி சேர்த்து 450. கூலி 150. மொத்தம் 2,100, முன்பணம் 1,200.

ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன்: “அண்ணே, இரண்டும் 16 ஓம் இருக்கவேண்டும், இணையாக இணைக்கவேண்டும்.” ஓம் என்பது மின்தடையின் அளவு. 16 ஓம் இரண்டை இணையாகக் கட்டினால் மொத்தம் 8 ஓம், என் ஆம்ப்பில் 8 ஓம் துளையில்தான் செருகுகிறேன். 8 ஓம் இரண்டை அப்படிக் கட்டினால் 4 ஆகிவிடும். 8-இல் செருகி 4-ஐ மாட்டினால் வால்வுகள் தேவைக்குமேல் உழைத்துச் சூடாகும், ஆயுள் குறையும். அவர் தலையாட்டினார். எழுதவில்லை. ரசீதில் “12 அங்குல ஸ்பீக்கர் 2, புதியது, பெட்டி வேலை” என்று மட்டும் இருந்தது. அதை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்ட மடையன் நான்தான்.

மூன்று வாரம் என்றவர் ஏழாவது வாரம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பெட்டி புதுமாப்பிள்ளைபோல் நின்றது. உண்மையைச் சொல்லவேண்டும், வெளிவேலை அருமை. ரெக்சினை மூலையில் மடித்து வெட்டியிருந்த கோடு கண்ணுக்கே தெரியவில்லை. முன்துணி தோலடித்த தவில்போல் விறைப்பாக இருந்தது. இவ்வளவு நல்ல கை உள்ளவர் ஏன் இதைச் செய்தார் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பின்பலகைத் திருகுகளில் நான்கின் மேல் பொடி ஸ்டிக்கர் ஒட்டி, பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார். பழைய ஸ்பீக்கர்களைக் கேட்டேன். “அதெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது தம்பி.” ஒன்று நல்ல நிலையில் இருந்ததே என்றேன். அவர் பதில் சொல்லும்முன் போன் வந்துவிட்டது. நானும் மீதிப் பணத்தை எண்ணி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை. அடிக்கனம், அதாவது பாஸ் ஒலி, அறவே இல்லை. தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் மெலிந்து கேட்டது. ஆம்ப்பில் பாஸ் குமிழைக் கடைசிவரை திருப்பியும் பயனில்லை. எங்கள் பாஸ் கிட்டார் மச்சான் இடைவேளையில் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான், ஒரு பக்கம் நகர்ந்தான், மறுபடி நடுவில் நின்றான். “நடுவில் நின்றால் சத்தம் காணாமல் போகிறது, ஓரத்தில் நின்றால் வருகிறது. ஒன்று தலைகீழாக இருக்கிறது” என்றான்.

கடைக்காரரிடம் போனில் சொன்னேன். புது ஸ்பீக்கர் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கத் தளரும், ஆறு மாதம் பொறுங்கள் என்றார். கெட்டிக்காரர்! புதுக் கூம்பு பழகப் பழகக் கொஞ்சம் இளகுவது உண்மைதான். பாதி உண்மையை வைத்துத்தான் முழுப் பொய்யை மூடமுடியும்.

ஞாயிறு மதியம் திண்ணையில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம். திறப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் கம்பியின் முனையில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டோம். முன்துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கூம்பு வெளியே எகிறியது, மற்றது உள்ளே அமுங்கியது. இரண்டும் ஒரே திசையில் போகவேண்டும். ஒன்று காற்றைத் தள்ள மற்றொன்று இழுத்தால் அடிக்கனம் ஒன்றையொன்று தின்றுவிடும். சரி, கம்பியை மாற்றி இணைத்துவிட்டார், தவறு யாருக்கும் நேரும் என்று அப்போதுகூட நினைத்தேன். பிறகு ஓம் அளக்கும் மீட்டரை வைத்தோம். 3.2 ஓம். மீட்டரில் எப்போதும் குறித்த அளவைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். 8 ஓம் பெட்டி என்றால் 6, 7-க்குள் வரும். 3.2 என்றால் அது 4 ஓம் பெட்டி.

ஸ்டிக்கரைக் கிழித்துத் திருகுகளைக் கழற்றினோம். காந்தத்தின் பின்னால் விண்டேஜ் 30 என்று பளபளப்பாக லேபிள், 16 ஓம் என்ற எழுத்தோடு. ஆனால் கம்பி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்தில், மங்கிய நீல மையில் முத்திரை: 8. லேபிளின் ஓரம் நம் ஊர்ப் புழுக்கத்தில் சுருண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். ஆவி காட்டிய தபால்தலைபோல் வந்தது. அடியில் வேறொரு லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத் தடம்.

அதோடு விடாமல் ஒன்றைக் கழற்றிச் சீனர் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரத் தவக்கே என்ன காய் இது என்று கேட்டார். 3 கிலோ 200. விண்டேஜ் 30 ஒன்று 4.7 கிலோ இருக்கவேண்டும்; ஒன்றரைக் கிலோ காந்தத்தைக் காகிதத்தால் ஈடுகட்ட முடியாது.

பெட்டியோடு கடைக்குப் போனோம். காப்பி வரவில்லை. “பெட்டியை நீங்களே திறந்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை” என்றார். லேபிளைக் காட்டினேன். சரக்கு அனுப்பியவன் ஒட்டியது என்றார். 16 ஓம் என்று மூன்று முறை சொன்னேனே என்றேன். “ரசீதில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்” என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அன்றைக்கு எழுதாமல் தலையாட்டியிருக்கிறார். கடைசியில் 300 ரிங்கிட் தருகிறேன், பிரச்சினை வேண்டாம் என்றார். வாங்கவில்லை.

நல்ல வேளையாக, முன்பணம் கட்டிய அன்று வாட்ஸ்ஆப்பில் “விண்டேஜ் 30, 16 ஓம், இரண்டு, 1,500” என்று நான் அனுப்பியதற்கு அவர் கட்டைவிரல் காட்டியிருந்தார். அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், சம்பவம் நடந்த 3 ஆண்டுகளுக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பேட்டரி வைத்ததையும் மீட்டர் காட்டியதையும் மச்சான் படம் பிடித்திருந்தான். இரண்டாவது ஸ்பீக்கரைத் தராசில் வைத்ததையும் பிடித்தான்.

அந்தக் கடைக்கோ வேறு கடைக்கோ போகிறவர்கள், ஸ்பீக்கரின் பெயர், ஓம், எத்தனை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கொடுப்பதற்குமுன் பின்பலகையை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்கள் செத்தவையானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய நல்ல ஜி12டி-75 இப்போது யாருடைய மேடையில் பாடுகிறதோ.

இடையில் கோலாலம்பூரிலிருந்து அசல் விண்டேஜ் 30 ஒன்று வாங்கினேன். இரண்டு வாங்கக் கையில் இல்லை. மற்றத் துளையை ஒட்டுப்பலகையால் அடைத்துவிட்டு, ஆம்ப்பை 16 ஓம் துளைக்கு மாற்றி, சத்தத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். போலிகள் இரண்டும் சாக்கில் கட்டிக் கட்டிலடியில் இருக்கின்றன. இரண்டாவதன் லேபிளும் ஓரம் சுருளத் தொடங்கிவிட்டது. உரிக்கக் கை துறுதுறுக்கிறது. சாட்சி என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.