ஐந்து மில்லிமீட்டர் தகராறு: பழைய தேக்குக் கேமராவுடன் ஆறு வருஷம்

இந்தக் கேமராவைப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. என் பணமும் தூக்கமும் போனதெல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான்.

2018இல், கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவில் வாங்கினேன். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி, ஹாஃப் பிளேட் அளவு. கே. கருணாகரன் 1940களில் ஆரம்பித்த பட்டறை அது. அங்கே செய்த தேக்குக் கேமராக்கள் ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ஸ்டூடியோக்களில் நின்றன. என்னுடையதில் மரத்தில் ஒரு விரிசல் இல்லை. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது. ஆனால் லென்ஸ் இல்லை. படம் பதியும் தகட்டை வைத்துச் செருகும் மூன்று பிளேட் ஸ்லைடில் இரண்டுக்கு மூடி இல்லை. ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியும் உடைந்திருந்தது.

ஹாஃப் பிளேட் என்றால் 4¾ × 6½ அங்குலம். அந்த அளவு பிலிம் கடையில் கேட்டவுடன் கிடைக்கிற சரக்கு இல்லை. அதனால் 4×5 அங்குலத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். அதாவது பழைய பின்சட்டத்தைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் மாதிரி ஒரு புதுச் சட்டம்.

லென்ஸ் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். ஆஃப்செட் அச்சகங்களில் நெகட்டிவ் எடுக்க அறை அளவுக்கு ஒரு பிராசஸ் கேமரா இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்தே பிளேட் போட ஆரம்பித்ததும் அவை பழைய இரும்பு விலைக்குப் போயின. சிவகாசிப் பக்கமிருந்து வந்த அப்படியொரு லென்ஸ்தான் என்னுடையது: 300 மி.மீ., எஃப்/9 (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சின்னதாகும், வெளிச்சம் குறையும்; இதில் 9தான் முழுத் திறப்பு). இந்த வகை லென்ஸ்கள் ஒன்றுக்கு ஒன்று அளவில் படியெடுக்கத்தான் கணக்கிடப்பட்டவை, தூரத்துக் காட்சிக்கு ஆகாது என்று பயமுறுத்துவார்கள். எஃப்/22க்கு மூடிவிட்டால் தூரத்து மலையும் நன்றாகவே விழுகிறது, பயப்பட வேண்டாம். இருட்டு என்னவோ உண்மை. மாலை ஐந்தரைக்கு மேல் எஃப்/9இல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் ஃபோகஸ் பார்க்கக் கண் வலிக்கும்.

லென்ஸோடு அதைப் பலகையில் பிடிக்கும் வளையம் வரவில்லை. கோயம்புத்தூர் கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்கார அண்ணன் மரைக் கேஜ் வைத்துப் பார்த்து அரை மணியில் பித்தளை வளையம் வெட்டிக் கொடுத்தார். அப்புறம் இன்னொரு பழைய பித்தளை லென்ஸையும் கொண்டுபோனேன், 1866இல் டால்மேயர் காப்புரிமை எடுத்த ராபிட் ரெக்டிலீனியர் வகை. அதில் மரை அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய இங்கிலாந்து லென்ஸ்களில் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி அளவு என்று இதைத்தான் பார்க்கலாம். மெட்ரிக் மரைக்குப் பூட்டியிருந்த லேத்தில் கியரை மாற்ற வேண்டியிருந்தது. "ஏனுங்க, இவ்வளவு பாடுபட்டு இதுல படம் வருங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன், அப்போது எனக்கே தெரியாது.

லென்ஸ் பலகைக்கு முதலில் அக்ரிலிக் வெட்டினேன். ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் காருக்குள் வைத்துவிட்டேன், லென்ஸ் கனத்தில் நடுவில் குழிந்துவிட்டது. இப்போது 3 மி.மீ. அலுமினியம். ஆறு வருஷத்தில் அசையவில்லை.

இனி பின்பக்கம். யாரோ பிரித்துப் போட்ட ஒரு பிரஸ் கேமராவின் (பத்திரிகைக்காரர்களின் பழைய கேமரா) இரும்பு ஸ்பிரிங் பேக் கிடைத்தது, பிலிம் ஹோல்டரை ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் பின்சட்டம் அது. அதை உட்கார வைக்கத் தேக்குச் சட்டமும், கண்ணாடிக்கு ஒரு சட்டமும் தச்சர் செய்து கொடுத்தார். கண்ணாடியை நானே தேய்த்தேன். 2 மி.மீ. ஜன்னல் கண்ணாடி, 400 நம்பர் கார்போரண்டம் தூள், கொஞ்சம் தண்ணீர், மேலே இன்னொரு கண்ணாடித் துண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. 600 நம்பரில் முடித்தால் இன்னும் வெளிச்சம் கிடைக்கும். தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது தெரியும், அதைச் சரியாகவே வைத்தேன்.

முதல் மூன்று மாதம் நிலக்காட்சிதான் எடுத்தேன். எல்லாம் எஃப்/32. நெகட்டிவ் கத்தி மாதிரி இருந்தது, எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்தத் தைரியத்தில் லேத் அண்ணனை உட்கார வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில், எஃப்/9இல் ஒரு படம் எடுத்தேன். கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன். படத்தில் கண் மெத்தென்று கரைந்திருந்தது, கிருதாவை முடி முடியாக எண்ணலாம். ஆள் அசைந்திருப்பார் என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் கிருதா. நான்காவது பிலிம் தாளிலும் கிருதா வந்த பிறகுதான் ஆள்மேல் தப்பில்லை என்று உறைத்தது.

ஃபோகஸ் பார்த்த பிறகு பிலிமை வைத்துச் செருகும் தட்டைப் பெட்டிதான் ஹோல்டர். 4×5 பிலிம் ஹோல்டரில், ஹோல்டர் சட்டத்தில் அமரும் பரப்பிலிருந்து பிலிம் இருக்கும் ஆழம் 0.197 அங்குலம், கிட்டத்தட்ட 5 மி.மீ. ஏற்கும் பிழை 0.007 அங்குலம்தான். கண்ணாடியின் தேய்த்த பக்கமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து வெர்னியர் அளவுகோலின் பின்முனையை இறக்கிக் கண்ணாடியின் ஆழத்தை அளந்தேன், 6.5 மி.மீ. வந்தது. பிலிம் லென்ஸுக்கு ஒன்றரை மி.மீ. பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை மி.மீ. பெரிசா என்று தோன்றும். 300 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்து முகத்துக்கு அது சுமார் 5 செ.மீ. பின்னால் போகும். கண்ணிலிருந்து 5 செ.மீ. பின்னால் இருப்பது கிருதா. அப்படியானால் மலை எப்படிக் கூர்மையாக வந்தது? எஃப்/32இல் பிலிம் பக்கம் மூன்று மி.மீ. அளவுக்குத் தப்பு இருந்தாலும் லென்ஸ் மன்னித்துவிடும். எஃப்/9இல் ஒரு மி.மீ.கூடத் தாங்காது. மூன்று மாதமாகத் துவாரம் சின்னதாக இருந்ததால் என் தப்பு மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

தச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நான் கொடுத்த வரைபடத்தில் ஆழத்துக்கு எண்ணே இல்லை, "ஹோல்டரைப் பார்த்து வையுங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன். கண்ணாடி உட்காரும் விளிம்பை வேண்டுமென்றே ஒன்றரைக்குக் கொஞ்சம் அதிகமாக உளியால் எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் விசிட்டிங் கார்டுத் துண்டுகளைக் கொடுத்து 5 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். அட்டை ஒரு நிரந்தர ஏற்பாடா என்று கேட்டால், ஆறு வருஷத்தில் இரண்டு முறை மாற்றினேன். மழை மாதங்களில் தேக்கு கொஞ்சம் ஊதும், ஐப்பசியில் ஒரு தடவை அளந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் ஹோல்டரின் ஓரத்தில் ஓடும் சின்ன மேட்டையும் கவனியுங்கள். அதற்குச் சட்டத்தில் ஒரு பள்ளம் வேண்டும். அதை நான் விட்டதில் பத்துத் தாளில் ஓரமாக வெளிச்சக் கோடு விழுந்தது.

ஷட்டருக்கு வருவோம். பிராசஸ் லென்ஸில் ஷட்டர் கிடையாது. என் லென்ஸின் நடுவில் துவாரத் தகடு செருகும் பிளவு வேறு இருந்தது, அதன் வழியே வெளிச்சம் நுழையும், கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் ஒரு வருஷம் லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, ஒரு வினாடி எண்ணி மூடினேன். நான் பயன்படுத்துவது எக்ஸ்ரே பிலிமை வெட்டிய தாள். வேகம், அதாவது வெளிச்சத்தை ஏற்கும் திறன், ஏஎஸ்ஏ 50 என்று வைத்துக்கொள்கிறேன், நிழலில் எஃப்/32க்கு ஒரு வினாடி சரியாகவே வரும். (சிவப்பு நிறம் இதற்குத் தெரியாது. குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும், சில பாட்டிமாருக்கு அது பிடிக்கவில்லை.)

ஆனால் எஃப்/9இல் முகம் எடுக்க 1/25 வினாடியாவது வேண்டும். அதற்குப் பழைய பேக்கார்ட் ஷட்டர் ஒன்று கிடைத்தது, காற்றில் ஓடும், ரப்பர் பந்தை அமுக்கினால் திறக்கும். லென்ஸ் பலகைக்குப் பின்னால், பெல்லோஸுக்குள் (முன்பலகைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் மடிப்புத் தோல்) மாட்டினேன். பந்து வெடித்துப் போயிருந்ததால் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தைப் போட்டேன். அமுக்கினேன், திறந்தது. விட்டேன், மூடவில்லை. அந்தப் பந்தில் காற்று ஒரு பக்கமாகத்தான் போகும், வால்வு திரும்ப உறிஞ்ச விடாது. இந்த ஷட்டர் மூடுவதே அந்த உறிஞ்சலில்தான். முன்னால் இருந்த வால்வைப் பிடுங்கி, பின்னால் இருந்ததை அடைத்ததும் வேலை செய்தது. இப்போது வைத்திருப்பது காது கழுவும் பந்து. மருந்துக்கடையில் கிடைக்கிறது, வால்வுத் தொல்லையே இல்லை.

பெல்லோஸ் ஓட்டைகளுக்கு வருஷா வருஷம் சித்திரையில் ஒரு நாள் ஒதுக்கிவிடுகிறேன். இருட்டறையில் உள்ளே மொபைல் டார்ச்சை வைத்தால் மூலைகளில் நட்சத்திரம் தெரியும். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் மட்டும் போடாதீர்கள். வெயிலில் மடிப்பும் மடிப்பும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலே கிழிந்தது. மெல்லிய கறுப்புத் துணியும் ஃபெவிக்காலும் போதும்.

பிடிக்காதது என்று சொன்னால், எடை. அப்புறம் 300 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் முகத்துக்கே பெல்லோஸை 35 செ.மீ. இழுக்க வேண்டும். காற்றடித்தால் முன்பலகை ஆடும். இழுத்த நீளத்துக்கு ஏற்ப அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதல் வெளிச்சம் கொடுக்கவும் மறந்துபோவேன்.

ஆழத்தைச் சரிசெய்த அடுத்த வாரமே லேத் அண்ணனை மறுபடி உட்கார வைத்து எடுத்தேன். கண் இமை முடிவரைக்கும் தெரிந்தது. சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். பட்டறைச் சுவரில் இன்றும் தொங்குவது அந்தக் கிருதாப் படம்தான். "இதுலதானுங்க வயசு தெரியலை" என்கிறார்.