"இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே இருக்கு சார்" என்றால் நம்பிவிடாதீர்கள்

தேனிலவுக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்ததாகச் சொல்லும் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாங்கள் வாங்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

போன மூன்றாம் நாள் இரவு என் மனைவிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. விடிவதற்குள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டாள். ஹோட்டலில் சொன்னேன். "கவலைப்படாதீங்க, நம்ம டாக்டர் இருக்கார்" என்று ஒருவரை வரவழைத்தார்கள். எத்தனை முறை போனது, ரத்தம் கலந்திருந்ததா, காய்ச்சல் உண்டா, எதையும் அவர் கேட்கவில்லை. "உடனே அட்மிட் பண்ணணும்" என்றார். தெரியாத ஊர், பக்கத்தில் அழுகிற மனைவி. மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய கிளினிக்கில் இரண்டு நாள். முதல் பாட்டில் டிரிப்ஸ் தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது முடிந்ததுமே அவள் தெளிந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அப்புறமும் பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றினார்கள். மறுநாள் ஊசி நரம்பைவிட்டு விலகி, கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. விரல் பருத்து, மோதிரம் சதையில் புதைந்தது. நர்ஸைக் கூப்பிட்டால், "அப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டார். நானே சோப்பு நுரை தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சேரும்போது வாங்கி வைத்த பாஸ்போர்ட்டை, முழுப் பணமும் கட்டிய பிறகுதான் தந்தார்கள். பில்லில் "சிகிச்சை" என்று ஒரே ஒரு வரி. மருந்து என்ன, எத்தனை பாட்டில் என்ற விவரமே இல்லை. பாஸ்போர்ட் கேட்டால் நகலைக் கொடுங்கள், அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

சரி, இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர் திரும்பி, பத்து தடவை கேட்ட பிறகு ஏஜென்ட் பாலிசியை அனுப்பினார். அது விபத்துக்கு மட்டுமான பாலிசி, நோய்க்குக் கிடையாது! டாக்டரைவிட இந்த ஆள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். நோய்க்கும் சேர்த்து எடுத்திருந்தால்கூட, அட்மிட் ஆகும்போதே 24 மணி நேர உதவி எண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும், விவரமான பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

இங்கே எங்கள் டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கிவிடும். வாயால் குடிக்க முடிந்தால் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட வேண்டும். ரத்தம் போனாலோ, காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

"எல்லாம் கவர் ஆகும் சார்" என்று ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை. அதை வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.