பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்க எந்தப் பெயர் நல்லது, க்வின்னா, ரோவனா?
இரண்டும் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களாக இருந்து, பிறகு ஆண் பெண் இருவருக்கும் வைக்கிற பெயர்களானவை. க்வின் என்றால் கான் (Conn) என்பவரின் வழிவந்தவர். அமெரிக்காவில் நெடுங்காலம் பையன்களுக்குத்தான் அதிகம் வைத்தார்கள். 2009இல் தொடங்கிய 'க்ளீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அந்தப் பெயரில் ஒரு பெண் பாத்திரம் வந்த காலத்தை ஒட்டி நிலைமை மாறி, இப்போது பெண் குழந்தைகளுக்கே அதிகம் வைக்கிறார்கள். ரோவனின் ஐரிஷ் வேர் சிவப்பைக் குறிக்கிறது. அப்புறம், சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ரோவன் மரமும் இருக்கிறது, ஸ்காட்லாந்தில் சூனியம் அண்டாமல் இருக்க வீட்டருகே நடுவார்களே, அதுதான். 'மிஸ்டர் பீன்' நடிகர் ரோவன் அட்கின்சனை எல்லோருக்கும் தெரியும், நடிகை ரோவன் பிளான்சர்டும் இருக்கிறார். ரோவன் என்று பெயர் வைக்கப்படுபவர்களில் பையன்கள் அதிகம், சரி, ஆனாலும் க்வின் அளவுக்கு ஒரு பக்கம் சாயவில்லை. உண்மையிலேயே இருபாலருக்கும் பொதுவான பெயர் வேண்டுமென்றால் நான் ரோவனைத்தான் சொல்வேன்.