செய்யாத ஓவர்கிளாக்குக்கு 3,500 ரூபாய்: பிராசசர் மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறைகளுக்கு டிசைன் வரைந்து, அதை நிறம் நிறமாகப் பிரித்து ஃபிலிம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கும் பலரையும் போல நானும் ஒரே ஒரு கணினியை நம்பிப் பிழைப்பவன். அந்தக் கணினியின் பிராசசரை மாற்றி, அதை ஓவர்கிளாக் செய்து (அதாவது நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட வைத்து) தருவதாகச் சொல்லி, கோவை காந்திபுரம் பக்கத்தில் உள்ள ஒரு கடையில் 2024 ஏப்ரலில் என்னிடம் 20,500 ரூபாய் வாங்கினார்கள். செய்து முடித்துவிட்டதாக அவர்கள் சொன்ன வேலை, என்னுடைய மதர்போர்டில் செய்யவே வழியில்லாத வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. இதே பேச்சைக் கேட்டு இன்னொருவர் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

2019இல் வாங்கிய கணினி அது. இன்டெல் ஐ5-8400 பிராசசர், பி360 சிப்செட் (மதர்போர்டில் என்னென்ன செய்யலாம் என்பதை நிர்ணயிக்கும் சில்லு) உள்ள மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம், ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க். நான்கு ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியது. அதன் பிறகு பெரிய டிசைன்களைத் திறப்பதற்கே நேரம் பிடித்தது. அடிக்கடி எடுக்கும் 1.6 ஜி.பி. அளவுள்ள கோப்பு ஒன்று திறப்பதற்கு 3 நிமிடம் 40 விநாடி ஆனது. காலையில் ஓரளவு ஓடும் கணினி மதியத்துக்கு மேல் மிகவும் தளர்ந்துவிடும். என் அறைக்கு அடுத்த கட்டடத்தில் நிட்டிங் யூனிட் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து வரும் என்பது திருப்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பஞ்சுக்கும் கணினியின் தளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கேபினெட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வைத்ததும், திறந்து பார்ப்பதற்கு முன்பே முடிவு சொல்லிவிட்டார்கள். "அண்ணா, இது ஆறு வருசத்துக்கு முந்தின பிராசசருங்க, விண்டோஸ் 11கூட ஏறாதுங்க. ஐ7-9700கே போட்டு ஓவர்கிளாக் பண்ணிக் குடுத்தர்றோம், அஞ்சு கிகா ஹெர்ட்ஸ் ஓடும்" என்றார் அங்கே இருந்தவர். பிராசசருக்கு 19,500 ரூபாய், ஓவர்கிளாக் செய்ய 3,500, வேலைக்கூலி 1,500. பழைய பிராசசரை எடுத்துக்கொண்டு 4,000 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டபோது, பில் போட்டால் 18 விழுக்காடு கூடும் என்று சொல்லி, எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை கடையிலேயே ஓட்டிக் காட்டினார்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் வேகம் 4.9 கிகா ஹெர்ட்ஸ் வரை ஏறியது. "ஓவர்கிளாக் ஆயிருச்சு, பாத்துக்கங்க" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு நாட்கள் கணினி முன்னைவிட விறுவிறுப்பாகவே ஓடியது, நானும் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் மதியம், எட்டு நிறங்கள் கொண்ட ஒரு டிசைனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது திரை அணைந்து கணினி நின்றது. அடுத்த பத்து நாட்களில் ஏழெட்டு முறை அதே போல நின்றது. கடைசியில் ஒரு பட்டறைக்குச் சொன்ன நேரத்தில் ஃபிலிம் கொடுக்க முடியாமல், அவர்களுடைய வேலை வேறொருவரிடம் போனது. பல ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கடைக்குப் பேசினேன். என் அறையில் வெப்பம் அதிகம் என்றும், ஓவர்கிளாக் செய்த பிராசசருக்கு வாரண்டி கிடையாது என்றும் சொன்னார்கள். வேலையை விற்கும்போது சொல்லாத நிபந்தனையை, வேலை கெட்ட பிறகு சொன்னார்கள்.

அவிநாசியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் பிறகு கொண்டு போனேன். அவர் முதலில் சி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மதர்போர்டின் சிப்செட்டையும் பிராசசரின் மல்டிபிளையர் (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) எல்லையையும் எனக்குக் காட்டினார். "தம்பி, இது பி360 போர்டு. இதுல ஓவர்கிளாக் ஆகாது. உங்ககிட்ட எதுக்குக் காசு வாங்குனாங்கன்னு அவங்களைத்தான் கேக்கோணும்" என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நானே படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்டெல் பிராசசர்களில் பெயரில் எண்ணுக்குப் பிறகு 'கே' என்ற எழுத்து உள்ளவற்றின் மல்டிபிளையர்தான் பொதுவாகத் திறந்திருக்கும், அதாவது நாமே மாற்றும்படி இருக்கும். அதை உயர்த்துவதற்கு மதர்போர்டின் சிப்செட்டும் இசட் வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 8, 9ஆம் தலைமுறைகளுக்கு அது இசட்370 அல்லது இசட்390. பி360, எச்310 போன்றவற்றில் 'கே' பிராசசரைப் பொருத்தலாம், ஓட்டலாம், ஆனால் அதன் எல்லைக்கு மேல் வேகத்தை உயர்த்த முடியாது. எனக்குக் காட்டப்பட்ட 4.9 கிகா ஹெர்ட்ஸ் என்பது 2018இல் ஐ7-9700கே வெளிவந்தபோதே இன்டெல் அறிவித்த டர்போ வேகம். ஒரே ஒரு கோருக்கு (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்றுக்கு) மட்டும் வேலை இருக்கும்போது பிராசசர் தானாகவே எட்டுகிற வேகம் அது. அதைத் தங்கள் கைவேலை என்று காட்டித்தான் 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் உண்மையில் மாற்றியிருந்தது ஒன்றே ஒன்று: பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பில்) பிராசசருக்கான மின் வரம்பை உயர்த்தி வைத்திருந்தார்கள். ஐ5-8400 என்பது 65 வாட் பிராசசர். ஐ7-9700கே 95 வாட். 'கே' பிராசசர்களுக்குப் பெட்டியில் ஃபேன் வராது, தனியாக வாங்க வேண்டும். இவர்களோ என் பழைய ஐ5 உடன் வந்த சிறிய ஃபேனையே இதன் மேலும் மாட்டியிருந்தார்கள். பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியான வி.ஆர்.எம். மீது அந்த மதர்போர்டில் ஹீட்சிங்க்கே (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இல்லை. வரம்பை உயர்த்திய பிறகு, முழு வேலை கொடுத்த சில நிமிடங்களில் பிராசசர் அதன் எல்லையான 100 டிகிரி செல்சியஸைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் கணினி நின்றது. கடையில் ஏன் நிற்கவில்லை என்றால், அது ஏ.சி. போட்ட அறை, ஓட்டிக் காட்டியது ஐந்து நிமிடம். ஹீட்சிங்க் வெப்பத்தை அறைக் காற்றுக்குத்தான் தள்ள முடியும். காற்று 26 டிகிரியில் இருப்பதற்கும் சித்திரை மாதத்துத் திருப்பூர் மதியத்தில் 37 டிகிரியில் இருப்பதற்கும் உள்ள 11 டிகிரி வேறுபாடு, அப்படியே பிராசசரின் வெப்பத்திலும் கூடும்.

பிராசசரைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓரங்களில் பழைய தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசும் பசை) காய்ந்து படிந்திருந்தது. அடிப்பக்கத் தொடுமுனைகளில் முன்பே வேறொரு சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடத்தில்) உட்கார்ந்த தடம் இருந்தது. பெட்டி ஏன் இல்லை என்று நான் கேட்டபோது "ட்ரே பீஸ்" (பெட்டியில்லாமல் மொத்தமாக வரும் பிராசசர்) என்று சொல்லியிருந்தார்கள். ட்ரே பீஸாக வாங்கினால் வாரண்டிக்கு விற்றவரைத்தான் நாட வேண்டும், இன்டெல் நேரடியாகத் தராது. எனக்கு விற்றதோ யாரோ பயன்படுத்திய பழைய பிராசசர்.

சரி, உண்மையாகவே ஓவர்கிளாக் செய்திருந்தால் பயன் கிடைத்திருக்குமா என்ற கேள்வியையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசசரை, பஸ் வேகத்தை (பிராசசரும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் வேகத்தை) 66இலிருந்து 100 மெகா ஹெர்ட்ஸாக மாற்றி, 300இலிருந்து 450க்குக் கொண்டு போனார்கள். விலை குறைந்த பிராசசரில் 50 விழுக்காடு கூடுதல் வேகம். ஓவர்கிளாக்கின் மீது இன்றும் இருக்கும் மயக்கம் அந்தக் காலத்தில் பிறந்தது. இன்று டர்போ என்ற பெயரில் பிராசசரில் கூட்டக்கூடிய வேகத்தின் பெரும்பகுதியை நிறுவனமே பயன்படுத்திவிடுகிறது. ஐ7-9700கே எட்டுக் கோர்களும் வேலை செய்யும்போது தானாகவே 4.6 கிகா ஹெர்ட்ஸில் ஓடும். சரியான மதர்போர்டில் அதை 5.0க்கு உயர்த்தினாலும் கிடைப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பிராசசரையே முழுதும் நம்பியுள்ள ஒரு மணி நேர வேலை 55 நிமிடத்தில் முடியும், அவ்வளவுதான். அதற்கான செலவைப் பாருங்கள். பிராசசர் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் அளவிலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தின் அளவிலும் கூடுகிறது. 4.6 கிகா ஹெர்ட்ஸுக்கு 1.20 வோல்ட் போதும் என்றும் 5.0க்கு 1.30 வோல்ட் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், மின்சாரமும் வெப்பமும் ஏறக்குறைய 28 விழுக்காடு கூடும். அந்த வெப்பத்துக்கு ஈடு கொடுக்கும் ஹீட்சிங்க், மதர்போர்டு, பவர் சப்ளை ஆகியவற்றுக்கான விலையைக் கூட்டினால், அதே பணத்தில் வேறு நல்ல பிராசசரையே வாங்கிவிடலாம். மின்னழுத்தத்தைக் கூட்டுவதால் வரும் தீங்கை அண்மைக்காலத்திலும் பார்த்தோம்: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பல நிலையில்லாமல் போனதற்கு, அவை தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதே காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

என் கணினியின் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. அவிநாசிக்காரர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு என் 1.6 ஜி.பி. கோப்பைத் திறக்கச் சொன்னார். ரேம் முழுவதும் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. பிராசசர் 15, 20 விழுக்காட்டுக்கு மேல் போகவே இல்லை. ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் மீதியை டிஸ்க்கில் எழுதிப் படிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் அந்த வேலைக்கு ஈடு கொடுக்காது. எத்தனை வேகமான பிராசசரைப் போட்டாலும் அது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். பிராசசர் மாற்றிய பிறகும் அந்தக் கோப்பு திறக்க 3 நிமிடம் 25 விநாடி ஆனது. 3,400 ரூபாய்க்கு ஓர் எஸ்.எஸ்.டி.யும் (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) 2,900 ரூபாய்க்குக் கூடுதலாக 16 ஜி.பி. ரேமும் போட்டதும் 38 விநாடியில் திறந்தது. என் நண்பர் ஒருவரிடம் இன்னும் ஐ5-8400 உள்ள கணினி இருக்கிறது, அதிலும் எஸ்.எஸ்.டி.யும் அதே அளவு ரேமும் உண்டு. அங்கே அதே கோப்பு 41 விநாடியில் திறந்தது. சில ஃபில்டர்களில் புதிய பிராசசர் வேகம் காட்டுவது உண்மை. ஆனால் என் அன்றாட வேலையில், பிராசசருக்காக நான் கொடுத்த 15,500 ரூபாய்க்குக் கிடைத்தது 3 விநாடி.

மதியத் தளர்ச்சிக்குக் காரணம் பஞ்சுதான். நான்கு ஆண்டுகளில் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே அது ஜமுக்காளம் போலப் படிந்து காற்றை அடைத்திருக்கிறது. பிராசசர் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர்கள் அதே ஃபேனைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது அதைத் துடைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாட்கள் நான் கண்டு மகிழ்ந்த விறுவிறுப்பில் பெரும்பகுதி அந்தத் துடைப்பினால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நிட்டிங் யூனிட், தறிக்கூடம், ஸ்பின்னிங் மில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கணினி வைத்திருப்பவர்கள், திருப்பூரோ சோமனூரோ பல்லடமோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதித் துடைத்துவிட்டு, அதன் பிறகு மற்றதை யோசியுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாது என்றதும் பொய். மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசசர்களின் பட்டியல் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. ஐ5-8400 அதில் இருக்கிறது.

பிராசசர் மாற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் பிராசசருக்கான ஏ.எம்.4 சாக்கெட் மதர்போர்டு வைத்திருப்பவர்கள், 2018இல் வந்த ரைசன் 5 2600ஐ எடுத்துவிட்டு, பயாஸை அப்டேட் செய்து, 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அதே போர்டில் போடலாம். இரண்டும் 65 வாட், வேகமோ நன்றாகக் கூடும். இன்டெல்லில் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்: எல்.ஜி.ஏ. 1151 என்ற பெயரிலேயே 6, 7ஆம் தலைமுறைகளும் 8, 9ஆம் தலைமுறைகளும் உண்டு, ஒன்றின் போர்டு மற்றதன் பிராசசரை ஏற்காது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உள்ள பிராசசர் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உங்கள் வேலையைச் செய்யும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 100 விழுக்காட்டில் நீண்ட நேரம் நிற்கிறதா, ரேமும் டிஸ்க்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வீட்டிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திறந்து பார்க்காமலே விலை சொல்லும் கடையில் கேபினெட்டை விட்டுவிட்டு வராதீர்கள். பழைய பிராசசரை, புதியது இரண்டு வாரம் ஓடும் வரை கையை விட்டு விடாதீர்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, ஓவர்கிளாக்குக்கு வாங்கிய 3,500 ரூபாயை மட்டும் கடை திருப்பி அனுப்பியது. பழைய ஐ5ஐக் கேட்டேன், விற்றுப்போனது என்றார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம்; வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. மீதிப் பணத்துக்கான மனுவைத் திருப்பூரிலேயே கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் எஸ்டிமேட் சீட்டையும், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவையும், சிப்செட்டைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும், காய்ந்த பேஸ்ட்டோடு எடுத்த பிராசசரின் புகைப்படங்களையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.