'எல்லாம் செட் பண்ணித் தருகிறோம்' மீடியா சர்வர்: மீதிப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

"வீட்டிலேயே ஜெல்லிஃபின் போட்டுத் தருகிறோம், டிவியிலும் போனிலும் 4கே ஓடும், வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்" என்று சொல்லி விற்கப்பட்ட மீடியா சர்வர் பெட்டி இது; வீட்டில் சேமித்த படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் கம்ப்யூட்டர். ஜெல்லிஃபின் என்பது அந்த வேலையைச் செய்யும் இலவச மென்பொருள். விலை 42,000 ரூபாய். பில்லில் இருந்தது ஒரே வரி: 'மீடியா சர்வர், ஐ7, 8 டிபி'. பெட்டியைத் திறந்து பார்த்தபோது கிடைத்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஐ7 என்றது பொய்யில்லை. ஆனால் அது 2013இல் வந்த ஐ7-4770, நான்காம் தலைமுறை. 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவில் இருக்கும். இன்டெல் சிப்பில் வீடியோவுக்கென்றே உள்ள குவிக் சிங்க் என்ற பகுதி அதை முழுதாகக் கையாளத் தொடங்கியது ஏழாம் தலைமுறையில்தான். அதற்கு முந்தைய சிப்பில் டிரான்ஸ்கோடிங், அதாவது படத்தை ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்றும் வேலை, பெரும்பாலும் ப்ராசசர் தலையில் விழும், படம் நின்று நின்றுதான் ஓடும். இன்டெலின் 6 வாட் என்100 சிப் போட்ட சின்னப் பெட்டி இந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்யும். கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள்: பழைய டெஸ்க்டாப் 30 வாட் கூடுதலாக இழுத்தாலே, நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கு வருடத்தில் 260 யூனிட் அதிகம்.

அப்படியானால் கடையில் டெமோ எப்படி நன்றாக ஓடியது? டிவியே அந்தப் படத்தை நேரடியாக ஓட்டியது. சர்வர் ஃபைலை அனுப்பியதோடு சரி. உண்மையான சோதனை வேறு. ஒரு 4கே ஹெச்டிஆர் படத்தை போன் பிரவுசரில் போட்டு, தரத்தை 1080பிக்குக் குறைத்து, ப்ளூரேயில் வரும் பட வடிவ சப்டைட்டிலையும் போடச் சொல்லுங்கள். தரத்தைக் குறைப்பதால் டிரான்ஸ்கோடிங் தவிர்க்க முடியாது; சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதிக்க வேண்டியிருந்தால் சுமை இன்னும் கூடும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் தெரியும் பிரேம் வேகம் நொடிக்கு 24க்குக் கீழே போனால் அந்தப் பெட்டி வேண்டாம். நல்ல சிப் இருந்தும் வேகம் வரவில்லை என்றால், ஜெல்லிஃபின் தனித்து ஓடும் அறை போன்ற டாக்கர் கன்டெய்னருக்குள் கிராபிக்ஸ் சாதனத்தைக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள்; அது சரிசெய்யக்கூடியது.

டிஸ்க் 'புதுசு' என்றார்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரம் 11 மணி என்றே காட்டியது. சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு; அதில் 21,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு வருடத்துக்கும் அதிகம். விற்றவர்கள் முதல் பதிவை அழித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸே செய்தித் தளம் வெளிக்கொண்டுவந்ததும் இதே தந்திரத்தைத்தான். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஃபார்மைப் படித்துக் காட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி இருக்கிறதா என்பதையும் கடையில் நிற்கும்போதே பாருங்கள்.

டிஸ்க் சீக்கிரம் நிறைந்ததற்குக் காரணம் வேறு. படங்களையும் தொடர்களையும் தானாக இறக்கி அடுக்கும் ரேடார் (Radarr), சோனார் (Sonarr) மென்பொருள் இரண்டிலும் இறக்கும் ஃபோல்டரையும் லைப்ரரியையும் தனித்தனி வால்யூமாக மவுன்ட் செய்திருந்தார்கள், அதாவது இணைத்திருந்தார்கள். அப்போது ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் காட்டும் ஹார்ட்லிங்க் வேலை செய்யாது, ஒவ்வொரு ஃபைலும் இரண்டு பிரதியாகிவிடும். இரண்டையும் ஒரே மேல் ஃபோல்டருக்குள் வைத்து, அந்த மேல் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் செய்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். பயப்பட வேண்டியது அடுத்தது. வெளியூரிலிருந்து பார்க்க மாதம் 300 ரூபாய் 'ரிமோட் சார்ஜ்' வாங்கினார்கள். ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் அதற்குக் கொடுக்கும் முகவரி, 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது, பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. அதற்கு, ஒரே அக்கவுன்ட்டில் உள்ள சாதனங்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போட்டது சரியான வழிதான். ஆனால் விற்றவர் தன் சொந்த அக்கவுன்ட்டில் லாகின் செய்து வைத்திருந்தார். வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அவருடைய நெட்வொர்க்கில் ஒன்று! கூடவே தூரத்திலிருந்து உள்ளே நுழைய அவருடைய எஸ்எஸ்ஹெச் சாவி, அட்மின் என்ற பாஸ்வேர்ட். அந்தச் சர்வரில் குடும்பப் போட்டோக்களும் இருந்தன. தனிநபர் பயன்பாட்டுக்கு டெய்ல்ஸ்கேல் இலவசம் என்பதை வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு பெட்டி கையில் இருந்தால் ஒவ்வொன்றாகத் துடைக்க முயலாதீர்கள். ஓஎஸ்ஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டு, உங்கள் அக்கவுன்ட்டில் சேருங்கள்.

'இலவசமாக' ஏற்றித் தரும் திருட்டுப் படங்களையும் வாங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, 63ஆம் பிரிவின்படி தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கும் அதற்குத் துணைபோவதற்கும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை உண்டு. அதோடு, நாளை புகார் கொடுக்க உங்களையே தயங்க வைப்பதும் அந்தப் படங்கள்தான்.

பில்லில் ப்ராசசரின் முழு மாடல் எண், டிஸ்கின் சீரியல் நம்பர், 'புதியது' என்ற சொல் மூன்றும் இல்லாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஸ்மார்ட், ஃபார்ம் இரண்டு பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும்.