பெரிய பாஸ் மீனின் எடை: டேப்பா, தராசா, கண்ணா?

லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கான உலகச் சாதனையை இன்று இருவர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஜார்ஜ் பெர்ரி. 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மான்ட்கோமரி ஏரியில் அவர் பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ். இன்னொருவர் மனாபு குரிட்டா. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் அவர் பிடித்தது 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். கிலோவில் சொன்னால் 10.09-உம் 10.12-உம். (நம் கடற்கரையில் கொடுவாவையும் பாஸ் என்பார்கள். இது வேறு, வட அமெரிக்க நன்னீர் மீன்.) குரிட்டாவுடையது கொஞ்சம் கூடுதல்தானே, பிறகு ஏன் பங்கு என்று கேட்டால், 25 பவுண்டுக்குக் குறைந்த மீனில் பழைய சாதனையை உடைக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் கூட வேண்டும் என்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி. ஒரு அவுன்ஸ்கூடத் தேறாத வித்தியாசம் செல்லாது.

ஆக, தராசைக் கேட்டால் இரண்டும் ஒரே மீன்தான். டேப்பைக் கேட்டால்தான் வேடிக்கை.

தூண்டில்காரர்களிடையே அதிகம் புழங்கும் கணக்கு இது: நீளத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை. பெர்ரியின் மீனுக்குப் பதிவான அளவுகள் நீளம் 32.5 அங்குலம், சுற்றளவு 28.5 அங்குலம். கணக்குப் போட்டால் 33 பவுண்டு வருகிறது! குரிட்டாவின் மீன் முழு நீளம் 73.5 சென்டிமீட்டர், சுற்றளவு 68. ஏறக்குறைய 29 அங்குலத்துக்கு 26.8 அங்குலம். அதற்கு வருவது ஏறக்குறைய 26 பவுண்டு. எடையில் இரட்டைப் பிள்ளைகளான இரண்டு மீன்களுக்குள் டேப் 7 பவுண்டு இடைவெளியை உண்டாக்கிவிடுகிறது.

சரி, அந்தக் கணக்கு எல்லா மீனுக்கும் பொதுவானது, பாஸுக்கென்றே வேறு இருக்கிறது என்பார்கள். நீளத்தை நீளத்தாலும் சுற்றளவாலும் பெருக்கி 1200-ஆல் வகுப்பது அது. பெர்ரியின் மீன் 25 பவுண்டாக இறங்குகிறது, குரிட்டாவின் மீன் 18.7-க்குச் சரிகிறது. சுற்றளவே வேண்டாம், நீளத்தை மும்முறை பெருக்கி 1600-ஆல் வகுத்தால் போதும் என்பது மூன்றாவது கட்சி. அதில் பெர்ரிக்கு 21.5, குரிட்டாவுக்கு 15. உலகச் சாதனை மீனைப் பிடித்துவிட்டு நீளத்தை மட்டும் அளந்திருந்தால், குரிட்டா ஏழு பவுண்டைக் கோட்டை விட்டிருப்பார்.

இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதுபோலத் தெரிந்தாலும் அடியில் ஒரே சரக்குதான். 22 அங்குல நீளமும் 16.5 அங்குலச் சுற்றளவும் உள்ள சாதாரணமான நல்ல மீனை எடுத்துக்கொள்வோம். 1200 கணக்கில் 6.65 பவுண்டு. 1600 கணக்கிலும் அதே 6.65. முதல் கணக்கில் 800-க்குப் பதிலாக 900 போட்டால் அங்கேயும் அதேதான். காரணம், இந்த மீனின் சுற்றளவு நீளத்தில் சரியாக முக்கால் பங்கு. அந்த உடல்வாகு இருக்கும்வரை எந்தக் கணக்கைப் போட்டாலும் ஒன்றுதான். மீன் அதைவிடப் பெருத்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் வழியில் ஓடும். குரிட்டாவின் மீனில் சுற்றளவு நீளத்தில் 92 சதவீதத்துக்கு மேல். பெர்ரியின் மீனில் ஏறக்குறைய 88. மூன்று, நான்கு பவுண்டு மீனுக்கு யாரும் எடையைப் பற்றிச் சண்டை போடுவதில்லை, அங்கே இந்தக் கணக்குகள் ஒழுங்காகவே இருக்கின்றன. சண்டை வரும் மீனில்தான் காலை வாருகின்றன.

இதோடு அளப்பவரின் கையும் சேர்கிறது. வாலை விரித்து அளந்தால் ஒரு நீளம், இரு முனைகளையும் கூட்டிப் பிடித்தால் இன்னொரு நீளம், வால் பிளவு வரை மட்டும் அளந்தால் மூன்றாவது. குரிட்டாவின் மீனுக்கே பிளவு வரையிலான அளவு 69.1 சென்டிமீட்டர் என்று தனியாகப் பதிவாகியிருக்கிறது. சுற்றளவு இன்னும் மோசம். 28 அங்குல மீனில் டேப் ஒரே ஒரு அங்குலம் தளர்ந்து, 26 என்பது 27 ஆனால், 800 கணக்கில் எடை 1.85 பவுண்டு கூடிவிடும். துள்ளுகிற மீனைச் சுற்றி, ஈரக் கையால், நழுவும் டேப்பைப் பிடிப்பவருக்கு ஒரு அங்குலம் பெரிய தவறே இல்லை.

பெர்ரியின் சாதனையைச் சந்தேகிப்பவர்கள் இந்த அளவுகளைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள்: இவ்வளவு நீளமும் பருமனும் உள்ள மீன் 22 பவுண்டோடு நிற்குமா என்று. எனக்கு அந்த வாதம் தலைகீழாகப் படுகிறது. பொய் சொல்ல நினைத்தவர் எடையை அல்லவா ஏற்றியிருப்பார், டேப்பை ஏற்றிவிட்டு எடையை அடக்கியா வாசிப்பார்? அந்த மீன் ஹெலினா என்ற சிற்றூரின் தபால் நிலையத் தராசில் நிறுக்கப்பட்டது. பிறகு பெர்ரி வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், மறு எடைக்கு வழியில்லை. பார்சல் எடைபோடும் தராசையும் மீனைச் சுற்றிய டேப்பையும் வைத்து ஒன்றை நம்பு என்றால் நான் தராசு பக்கம்.

எல்லாத் தராசும் ஒன்றல்ல. 1997-இல் கலிபோர்னியாவின் ஸ்பிரிங் ஏரியில் ஒருவர் பிடித்த பாஸ் 24 பவுண்டு என்றார். நிறுத்த விதம்: குளியலறைத் தராசில் மீனோடு ஏறி நின்று, பிறகு மீனில்லாமல் ஏறி நின்று, கழித்துப் பார்த்தது. ஆள் எடையை அளப்பதற்கென்று செய்த கருவி அது. இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது இரண்டிலுமுள்ள பிசகு மீனின் தலையில் வந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பவுண்டு தப்பினாலே மீனில் இரண்டு பவுண்டு ஆட்டம். மீனையும் தண்ணீரில் விட்டுவிட்டார். படம் பிரபலமானது, சாதனை ஆகவில்லை.

அதே மாநிலத்தின் டிக்சன் ஏரியில் 2006 மார்ச் 20 அன்று மாக் வீக்லி பிடித்த மீன் இதைவிடச் சிக்கலான வழக்கு. கையில் தூக்கிப் பிடிக்கும் டிஜிட்டல் தராசு 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. பெர்ரியை ஏறக்குறைய மூன்று பவுண்டு தாண்டிவிட்டது. ஆனால் தூண்டில் முள் வாயில் மாட்டவில்லை, உடம்பில் குத்தியிருந்தது. நிறுத்துப் படமெடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள், சாதனையும் கோரவில்லை. உடலிலிருந்த கரும்புள்ளியால் அடையாளம் தெரிந்த அந்த மீனை 2003-இல் வேறொருவர் 21 பவுண்டு 11 அவுன்ஸில் பிடித்திருந்தார். 2008 மே மாதம் அது செத்து மிதந்தபோது எடை 19 பவுண்டு. இதை வைத்து 2006-இன் தராசு பொய் என்று சொல்லிவிட முடியாது. பாஸ் முட்டையிடுவது வசந்த காலத்தில். மார்ச் மாதத்துச் சினை மீனின் எடை வேறு, வயதாகிச் செத்த மீனின் எடை வேறு. அதற்காக 25 பவுண்டை அப்படியே ஏற்கவும் எனக்கு மனமில்லை. கைத்தராசில் மீன் ஆடும், படகோ மேடையோ ஆடும், எண் மேலும் கீழும் ஓடும். அதில் உச்சத்தைப் பிடித்துக்கொள்ளவே மனசு சொல்லும்.

இந்த மனசுக்குத்தான் சங்கத்தின் விதிகள் கடிவாளம் போடுகின்றன. அசையாத தரையில் நிறுக்க வேண்டும், தண்ணீரில் மிதக்கும் படகில் கூடாது. தராசு சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். தொட்டில் துணியோ கயிறோ இருந்தால் அதன் எடையைக் கழிக்க வேண்டும். தராசின் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோடுதான் கணக்கு. நடுவில் இருக்கிறதே என்று பாதி போட்டுக்கொள்ள முடியாது. அரைப் பவுண்டுக்கு ஒரு கோடு போட்ட ஸ்பிரிங் தராசை நம்பிப் போனவருக்கு இந்தக் கடைசி விதி கசக்கும்.

சாதனைக் கனவில்லாமல் தன் திருப்திக்கு நிறுப்பவருக்கு ஸ்பிரிங் தராசைவிட டிஜிட்டல் தொங்கு தராசுதான் மேல் என்பது என் தேர்வு, ஒரு நிபந்தனையோடு. கிளம்புவதற்கு முன் ஒரு வாளியை மாட்டிப் பூஜ்யமாக்கிவிட்டு, அளந்து ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து கிலோ காட்டவில்லை என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். பெரிய பாஸைத் தாடையில் கொக்கி போட்டு நேராகத் தொங்கவிடுவதும் வேண்டாம், அந்தப் பாரத்தைத் தாடை தாங்காது. ஈரத் துணித் தொட்டிலில் கிடத்தி, பிறகு அதே ஈரத்தோடு தொட்டிலை மட்டும் நிறுத்துக் கழிப்பதுதான் முறை. இன்னொன்று, பவுண்டுக்கு 16 அவுன்ஸ். 22 பவுண்டு 4 அவுன்ஸ் என்பது 22.25, திரையில் 22.4 என்று தெரிவது 22 பவுண்டு 6 அவுன்ஸுக்கும் மேல். இந்தக் குழப்பத்திலேயே பல மீன்கள் வீடு வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுகின்றன.

போட்டிகளில் எடை தெரியாமலே தீர்ப்புச் சொல்லும் கருவி ஒன்றும் உண்டு: இரு முனையிலும் மீன் மாட்டும் சமநிலைக் கோல். ஐந்து மீன்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற போட்டியில், ஆறாவது கிடைத்ததும் எது இளைத்தது என்று கண்டுபிடித்து, அதைத் தண்ணீரில் விட இதுவே போதும்.

கண் மதிப்பை நான் கடைசியில் வைத்தேன். அமெரிக்காவின் பாஸ்மாஸ்டர் தூண்டில் போட்டிகளில் படகிலிருந்து வரும் குத்துமதிப்பு எடைக்கும் மாலையில் மேடைத் தராசு சொல்வதற்கும் நடுவே வரிசையே புரண்டுபோவதுண்டு. ஆனால் 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனுக்காக நடந்த போட்டியில் தராசு தவறாமல் வேலை செய்தும் ஏமாந்தது. ஐந்து மீனுக்கு 34 பவுண்டு அருகே காட்டியது. பார்வைக்கு ஒவ்வொன்றும் நான்கு பவுண்டுக்குத்தான் தேறும் என்று போட்டி நடத்துநருக்குப் பட்டது. அழுத்திப் பார்த்தார், உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. வயிற்றைக் கீறினால் ஈயக் குண்டுகள், கூடவே மற்ற மீன்களின் சதைத் துண்டுகள். மேடையில் இருந்த தராசுக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது. எடை வெற்றியாளர்களை அறிவித்துவிட்டிருந்தது; கண்தான் அதை ரத்து செய்தது. பெரிய மீன் என்று யாராவது எண் சொன்னால், தராசு எது என்று கேட்டுவிட்டு, நீளமும் சுற்றளவும் கேட்பேன். அந்த இரண்டையும் எடை கண்டுபிடிக்க அல்ல, சொன்ன எடையைக் குறுக்கு விசாரணை செய்யவே வைத்துக்கொள்கிறேன்.